தலைப்பில் ஒரு பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்புரைக்கும் கண் நீர் அழுத்த நோய்க்கும் சேர்த்துச் செய்யும் அறுவைச் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஒரே நாளில் இரண்டும் குணம்' என்ற தலைப்பைத்தான் ஏற்க முடியவில்லை. 30 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவன். தலைப்பில் பிழை இருந்தால் கை சும்மா இருக்காது.

சென்ற ஆண்டு என் வலக்கண்ணில் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். அதற்கு முன் புரை முற்றி, 'க'வுக்கும் 'க்'குக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருந்தது. புள்ளி தெரியாத மெய்ப்புத் திருத்துநர் எதற்கு ஆவான்? மூன்று வகைச் சொட்டு மருந்து விட்டும் அழுத்தம் 26க்குக் கீழே இறங்கவில்லை; 10 முதல் 21 வரை இயல்பு என்பார்கள்.

மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தார்கள். கூடவே, உள்ளே தேங்கும் நீர் வடிய வெள்ளைவிழியில் சிறு வழி ஒன்று திறந்தார்கள். மேல் இமைக்கு அடியில் கொப்புளம்போல் இருப்பது அந்த வடிகால்தான். அது தூர்ந்துவிடக் கூடாதென்றுதான் அத்தனை மறுபரிசோதனைகள். புரை மட்டும் எடுத்துக்கொண்ட என் தம்பி பத்தே நாளில் செய்தித்தாள் படித்தான். எனக்கோ இரண்டு மாதம் பார்வை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

புள்ளிகள் திரும்பிவிட்டன. அழுத்தத்தால் பட்டுப்போன நரம்பு திரும்பவில்லை. இடக்கண்ணை மூடிக்கொண்டால், மேசையின் இடப்பக்கம் வைத்த தம்ளர் இன்றும் கண்ணில் படுவதில்லை. இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் அந்த வடிகால், போனதை மீட்க அல்ல என்று மருத்துவர் முன்பே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. கட்டு அவிழ்த்த அன்று அந்த ஓரத்தைத் தேடித்தேடிப் பார்த்தேன். அழுத்தம் இப்போது 14. இருந்தும் இரவில் ஒரு சொட்டு மருந்து தொடர்கிறது. இதையா குணம் என்பது?

இரண்டு நோயும் உள்ள எல்லோருக்கும் இது தேவை என்றும் இல்லை. நோய் முற்றாத சிலருக்குப் புரையை எடுத்தாலே அழுத்தம் ஓரளவு குறைகிறது.

'ஒரே நாளில் இரண்டு சிகிச்சை' என்று போட்டிருந்தால் போதும். இன்னொன்று: மூன்றாம் பத்தியில் 'கண்ப்புரை' என்று அச்சாகியிருக்கிறது. அந்த 'ப்' வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்