மர மாடிக்கான முதற்கட்ட நிதி: உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் மன்றத்தின் மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் மரத்தால் இன்னொரு மாடி எழுப்பி, தமிழ் வகுப்புகளுக்கு 200 சதுர மீட்டர் இடம் உருவாக்க விரும்புகிறோம். முதற்கட்டச் சோதனைகளுக்கு 60,000 சிங்கப்பூர் வெள்ளி தேவை. கல்வெட்டில் பெயர் பொறிக்கத்தக்க எதுவும் இந்தத் தொகையில் எழும்பாது. ஆனாலும் இதைத்தான் முதலில் கேட்கிறோம்.

அவ்வளவு பரப்புக்கு 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் போட்டால் தளம் மட்டுமே சுமார் 72 டன். குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகளை அடுக்கி ஒட்டிய 160 மில்லிமீட்டர் சிஎல்டி தளம் ஏறத்தாழ 15 டன்தான். மெல்பர்னின் சவுத்பேங்க் பகுதியில் பழைய அலுவலகக் கட்டடத்தின் மேல் 10 மாடி மர விடுதியே எழுந்திருக்கிறது.

எடைதான் குறைவாயிற்றே, சோதனை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மரம் லேசு, அதில் வந்து அமர்பவர்கள் லேசல்ல. வகுப்பறைத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 300 கிலோ சுமைக்குக் கணக்கிட வேண்டும். அதுவே 60 டன். புத்தக அலமாரிகள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும் என்பதால் நூலகம் கீழ்த்தளத்திலேயே இருக்கும்.

இவ்வளவையும் பழைய தூண்கள் தாங்குமா என்பதைத் துளைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கான்கிரீட் மாதிரிகளை எடுத்து நசுக்கி வலிமை அளக்க வேண்டும். உள்ளே கம்பிகள் எங்கே, எத்தனை என்று ஸ்கேன் செய்ய வேண்டும். துளையில் ஃபினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால் துருவுக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். அடித்தளத்தை ஒட்டிக் குழி தோண்டியும் பார்க்க வேண்டும்: கடற்களிமண் உள்ள இடத்தில் கூடுதல் சுமையால் கட்டடம் ஒரு பக்கமாக அமிழ்ந்தால் சுவர்கள் வெடிக்கும். நகரச் சீரமைப்பு ஆணையத்தின் தரைப்பரப்பு வரம்பில் இடம் மீதி உள்ளதா என்பதை இவற்றுக்கும் முன்பே கேட்டுவிடுவோம்.

தீயைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். இத்தகைய மரம் நிமிடத்துக்கு சுமார் 0.65 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரியாகும். அதற்கேற்பத் தடிமன் கூட்டலாம், தெளிப்பான்களும் உண்டு. நம் ஊரில் எங்களுக்குப் பெரிய அச்சம் ஈரம். சுமார் 12 விழுக்காடு ஈரத்துடன் வரும் பலகை 20 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே இருந்தால் பூஞ்சை பிடித்து உளுத்துவிடும். ஆகவே பலகை ஏறுமுன் தற்காலிகக் கூரை வேண்டும். குளிர்நாட்டு வரைபடத்தைப் பார்த்து ஆவித்தடுப்பை (நீராவி புகாத படலத்தை) உட்புறம் வைத்தால், வெளியிலிருந்து வரும் ஈரம் குளிரூட்டிய சுவருக்குள் சிக்கிக்கொள்ளும்; இங்கே அது வெளிப்புறம்தான் இருக்க வேண்டும். கழிவறைகளை மர மாடியில் வைக்கமாட்டோம். லேசான கூரையைச் சுமத்ரா காற்று எனும் திடீர்ப் புயல்காற்று தூக்காதபடி எஃகுப் பிடிப்புகளால் பழைய தூண்களோடு பிணைப்போம்.

நன்கொடையைக் காசோலையாகவோ பேநவ் வழியாகவோ செலுத்தலாம். ‘மர மாடி’ என்று குறிப்பிட்டு, அலுவலகத்தில் ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பொறியாளரின் அறிக்கையை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புவோம். தூண்கள் தாங்காது என்று அவர் சொன்னால் திட்டத்தை நிறுத்திவிட்டு, செலவு போக மீதியை அவரவர் கொடுத்த விகிதப்படி திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
கட்டடக் குழுவினர்