"ரெஸ்ட் எடுங்கப்பா" என்று சொல்லாதே

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிறு நீ போனில் கேட்டபோது, "நன்றாக இருக்கிறேன்மா, வீட்டில் ஜாலியாகப் பொழுது போகிறது" என்றேன். அது உண்மையில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் என் கிரேன் வேலை நின்று மூன்று மாதமாகிறது. 62 வயதிலேயே ஓய்வு என்றாலும், மறுபடி ஒப்பந்தம் போட்டு 68 வரை வைத்துக்கொண்டார்கள். 2026 ஜூலையிலிருந்து அந்த வரம்பு 69. ஒரு வருடம் பிந்திப் பிறந்திருக்கக் கூடாதா என்று ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தேன். பணத்துக்காக இல்லை. சிபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணம் மாதாமாதம் வந்துவிடுகிறது, வீட்டுக் கடனும் எப்போதோ முடிந்துவிட்டது.

இன்னும் நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது? ஒரு நாள் சமையலறை டப்பாக்களை எல்லாம் மாற்றி அடுக்கினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. அது அவளுடைய இடம், அவள் செய்தது சரிதான். ஆனாலும் மனசு வலித்தது.

தஞ்சோங் பகார் முனையத்தில், கப்பலில் சரக்குப் பெட்டிகளை இறுக்கிக் கட்டும் லாஷிங் வேலைக்குச் சேர்ந்தவன் நான். அப்புறம் கிரேன், அப்புறம் பாசிர் பாஞ்சாங் முனையம். அவ்வளவு உயரத்தில், காலடியில் இருக்கும் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தே கழுத்து போனது உனக்குத் தெரியும். பெட்டியின் நான்கு மூலையிலும் பூட்டு விழுந்ததா என்று பார்த்துத்தான் தூக்க வேண்டும். நான் இறக்கி வைத்தால்தான் கீழே நிற்கிற பிரைம் மூவர் லாரி நகரும், அது நகர்ந்தால்தான் கப்பல் நேரத்துக்குப் புறப்படும். இத்தனை வருடமும் யாரோ எனக்காகக் காத்திருந்தார்கள். இப்போது என்னை எதிர்பார்த்து எதுவும் நிற்கவில்லை. இதுதான் பாப்பா எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

அம்மாவிடம் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சில நாள் வெஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போய் உட்காருகிறேன். அங்கிருந்து கிரேன்கள் தெரியும். ஒரு பெட்டிக்கு எத்தனை நிமிடம் என்று கை தானாகவே கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கிறது.

நீ அன்பாகத்தான் "ரெஸ்ட் எடுங்கப்பா" என்கிறாய். தயவுசெய்து இனிமேல் அப்படிச் சொல்லாதே. அதற்குப் பதிலாக என்னிடம் ஏதாவது கேள். என்னால் ஆகிற ஒரு வேலையைச் சொல்.

நானே ஒன்று கேட்கிறேன். உன் மகன் தம்பிப்பயல் எப்போதும் கப்பலாகவே வரைகிறான் என்றாயே, வருகிற சனிக்கிழமை அவனைப் பெர்த் பக்கத்திலிருக்கும் பிரீமேண்டில் துறைமுகத்துக்குக் கூட்டிப் போ. கிரேன் நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்று எனக்கு வீடியோ கால் போடு. எந்தப் பெட்டியை முதலில் எடுப்பார்கள், கனமானதை ஏன் அடியில் வைப்பார்கள் என்று நான் அவனுக்குச் சொல்லித் தருகிறேன். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே மணிதானே. காலை 8 மணிக்குப் போனைக் கையில் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா