நிரலைச் சீரமைப்பது வெட்டிவேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெய்நிகர் கணினிகளை (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கி ஓட்டும் கணினிகளை) நிர்வகிக்கும் கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில், மெய்நிகர் கணினி மென்பொருள் விற்கும் விஎம்வேரை வாங்கி, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களை நிறுத்திய பிறகு, லிப்விர்ட், அதைத் திரையில் இயக்கும் விர்ட்-மேனேஜர் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் பக்கம் பலரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த வகையில் கட்டுரை காலத்தோடு வந்திருக்கிறது. ஆனால், புது வசதி சேர்ப்பதை விட்டுவிட்டுப் பழைய நிரலையே திருப்பித் திருப்பி எழுதுவதில் இந்தத் திட்டங்கள் பொழுதைக் கழிக்கின்றன என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு போடு போட்டிருக்கிறார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் ஒரு திருத்தம். நிர்வாக மென்பொருள் விழுந்தால் அதன் கீழ் ஓடும் மெய்நிகர் கணினிகளும் விழுந்துவிடும் என்ற தொனியில் கட்டுரை செல்கிறது. லினக்ஸில் அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனியொரு கியூஎமு புராசஸ்; அதாவது, கணினியைப் போலவே நடிக்கும் கியூஎமு மென்பொருளின் தனி ஓட்டம். செயலியை (சிபியூவை) அதற்கு நேரடியாகத் திறந்துவிடுவது கேவிஎம். அது 2007-இல் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் மேலே உட்கார்ந்து, இதைக் கிளப்பு, அதை நிறுத்து, இந்த டிஸ்க்கை மாட்டு என்று ஏவுவது, பின்னணியில் ஓயாமல் ஓடும் லிப்விர்ட் டீமன். டீமனை ரீஸ்டார்ட் செய்தாலும் கியூஎமு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டீமன் மறுபடி எழுந்ததும், ஓடும் கணினிகளின் நிலையைத் தான் எழுதிவைத்த ஸ்டேட்டஸ் எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படித்து, மானிட்டர் சாக்கெட் எனும் பேச்சுவழி மூலம் பழைய கியூஎமுவோடு மீண்டும் பேச்சைத் தொடங்கும்.

வசதியான ஏற்பாடுதான். வம்பும் இதில்தான் இருக்கிறது. ஒருவர் ஒரு ஸ்ட்ரக்டில் (விவரங்களைக் கட்டிவைக்கும் தொகுப்பில்) புதிதாக ஒரு விவரத்தைச் சேர்க்கிறார். ஸ்டேட்டஸ் கோப்பில் அதை எழுதவும், திரும்பப் படிக்கவும் மறந்துவிடுகிறார். டெஸ்ட் பாஸ், கணினி ஓடுகிறது, டிஸ்க் மாட்டலாம், கழற்றலாம். மூன்று மாதம் கழித்துப் பேக்கேஜ் அப்டேட் வந்து டீமன் ரீஸ்டார்ட் ஆகும்போது அந்த விவரம் காணாமல் போகிறது. வழு (நிரலில் உள்ள பிழை) எழுதப்பட்ட நாளும் அது வெளிப்படும் நாளும் எங்கேயோ இருக்கின்றன. இந்த வகை மென்பொருளில் ஒரு மாற்றத்தைச் சோதிக்கிறவர் மெய்நிகர் கணினியை ஓடவிட்டு, டீமனை ரீஸ்டார்ட் செய்து, அதன்பின் அதே செயலை இன்னொரு முறை செய்துபார்க்காமல் சோதனை முடிந்ததாகச் சொல்லக் கூடாது.

இனி சீரமைப்புக்கு வருகிறேன். லிப்விர்ட் சி மொழியில் எழுதப்பட்டது. சி-யில் எழுதிய நிர்வாக நிரலில் வழுக்கள் பெரும்பாலும் எங்கே ஒளிந்திருக்கும் என்றால், காரியம் தோற்றுத் திரும்பும் வழியில். வெற்றி பெறும் வழியில் ஆயிரம் பேர் தினமும் நடக்கிறார்கள். அதில் கல் கிடந்தால் உடனே தெரிந்துவிடும். தோற்கும் வழியில் யாரும் நடப்பதில்லை.

பாதுகாப்புக் குறைகளுக்கான சிவிஇ பட்டியலில் சிவிஇ-2021-3667 என்று பதிவான லிப்விர்ட் குறையைப் பாருங்கள். ஸ்டோரேஜ் பூலை (டிஸ்க் கோப்புகளை வைக்கும் இடத்தை) அதன் பாதையைக் கொண்டு தேடும் ஃபங்ஷன் அது. தேடிக் கண்டுபிடிக்கும்போதே வேறு யாரும் தொடாதபடி அந்தப் பூலுக்குப் பூட்டு விழுந்துவிடும். அடுத்த வரி, கேட்டவருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கிறது. இல்லையென்றால் ‘இல்லை’ என்று திரும்பிவிடுகிறது. திரும்பும்போது பூட்டைத் திறக்கவில்லை! அனுமதி உள்ளவர்களுக்கு எல்லாம் சரியாக நடக்கும். அனுமதி இல்லாத ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டுப் போனால் போதும்; அதன்பின் அந்தப் பூலைத் தொட வருகிற எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டே இருப்பார்கள். திருத்தம் என்று பார்த்தால், திரும்பும் முன் பூட்டை விடுவிக்கும் ஒரே ஓர் அழைப்பு.

அந்த ஓர் அழைப்பைச் சேர்ப்பது வழு நீக்கம். அப்படி மறக்கவே முடியாதபடி நிரலை மாற்றி எழுதுவதுதான் ரீஃபாக்டரிங் எனும் சீரமைப்பு. பழைய பாணியில் ஒவ்வொரு ஃபங்ஷனின் அடியிலும் ‘க்ளீனப்’ என்று ஒரு பகுதி இருக்கும். எங்கே தோற்றாலும் ‘கோடூ’ போட்டு அங்கே தாவி, வாங்கிய மெமரியை எல்லாம் கையால் ஒவ்வொன்றாகத் திருப்பித் தர வேண்டும். 15 ஆண்டில் 50 பேர் கைபட்ட ஃபங்ஷனில் ஒருவர் நடுவில் நேராக ‘ரிட்டர்ன்’ எழுதிவிட்டால் மெமரி லீக்; வாங்கிய மெமரி திரும்பாது. இரண்டு இடத்தில் விடுவித்தால் டீமன் கிராஷ். 2018 முதல் லிப்விர்ட்டில் இதைப் படிப்படியாக மாற்றினார்கள்: மாறியை அறிவிக்கும்போதே ஒரு குறி போட்டுவிட்டால், அந்த எல்லையைத் தாண்டும்போது கம்பைலரே விடுவித்துவிடும். பிறகு சி மொழிக்கான ஜிலிப் நூலகத்தின் ‘ஜி-ஆட்டோஃப்ரீ’ அந்த இடத்தைப் பிடித்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பட்டன்கூடப் புதிதாக வரவில்லைதான். உள்ளே, ஒரு குடும்பத்து வழுக்கள் முளைக்க இடமில்லாமல் போயின.

கட்டுரையாளருக்காக ஒன்றை விட்டுக்கொடுக்கலாம்: சீரமைப்பும் வழுவைக் கொண்டுவரும். தானாக விடுவிக்கும் குறி போட்ட மாறியை அப்படியே ‘ரிட்டர்ன்’ செய்தால், வாங்கியவர் கையில் இருப்பது ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட மெமரி. ‘ஜி-ஸ்டீல்-பாயிண்டர்’ கொண்டு உரிமையை மாற்றித் தர வேண்டும். புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் இது. அறிவிக்கும்போது ‘நல்’ (வெற்று) மதிப்பு கொடுக்காமல் விட்டால், பாதியில் தாவி வெளியேறும்போது குப்பை முகவரியை விடுவிக்கப் போகும். விடுவிக்கும் வரிசை, அறிவித்த வரிசைக்குத் தலைகீழ். ஒரு பொருளையும் அதன் பூட்டையும் அறிவிக்கும்போது எது முன், எது பின் என்று பார்க்காவிட்டால், பொருள் போன பிறகு பூட்டைத் திறக்க ஓடும். ஜிலிப்பின் வழக்கமான மெமரி அழைப்புகள் மெமரி கிடைக்காதபோது பிழை சொல்லித் திரும்புவதில்லை, புராசஸையே நிறுத்திவிடும். ஆகவே வெளியிலிருந்து வரும் எண்ணை அதனிடம் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. சிவிஇ-2024-2494 இதேதான்: ஆர்பிசி (வேறு நிரலிலிருந்து வரும் அழைப்பு) வழியே வந்த நீளம் மைனஸில் இருக்கிறதா என்று பார்க்கும் முன்பே மெமரி கேட்டுவிட்டார்கள்; மைனஸ் எண் பிரம்மாண்டமான பிளஸ் எண்ணாகிவிட, டீமன் விழுந்தது.

இன்னொன்று இன்னும் சுவையானது. சிவிஇ-2024-1441. நெட்வொர்க் இடைமுகங்களின் பெயர்களை ஓர் அரேயில் (வரிசைப் பட்டியலில்) நிரப்பும் ஃபங்ஷன். அரே நிறைந்துவிட்டதா என்று பார்க்கும் இடத்தில் ‘பெரிது அல்லது சமம்’ என்று இருக்க வேண்டியது, வெறும் ‘பெரிது’ என்று இருந்தது. 2012-இல் எழுதிய நாளிலிருந்து ஒரு பெயரைக் கூடுதலாக நிரப்பும் வாய்ப்போடு அது தூங்கிக்கொண்டிருந்தது. 2019-இல் அதை அழைக்கும் ஃபங்ஷன்கள், நீளம் 0 உள்ள வெற்று அரேயையும் ஏற்கத் தொடங்கின. அந்த மாற்றத்தில் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் தூங்கியது விழித்துக்கொண்டது: இல்லாத அரேயில் எழுதப் போய் டீமன் கிராஷ். 2024-இல் அடைத்தார்கள். ஒரு ஃபங்ஷனுக்கு என்ன அனுப்பலாம் என்ற உடன்பாட்டைத் தளர்த்தும்போது, அந்த மதிப்பு கீழே எங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்று கடைசிவரை நடந்து பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆகவே சீரமைப்பு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியைவிட, எப்படிச் செய்வது என்பதே பேச வேண்டிய விஷயம். என் அழுத்தமான கருத்து: வழு நீக்கத்தையும் சீரமைப்பையும் ஒரே பேட்சில் (அனுப்பும் திருத்தத்தில்) கலக்கவே கூடாது. முதல் கமிட்டில் (பதிவுசெய்யும் ஒவ்வொரு மாற்றத்தொகுப்பும் ஒரு கமிட்) வழு நீக்கம், எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிதாக. சீரமைப்பு அதற்குப் பின்னால். காரணம் எளிது. லினக்ஸ் விநியோகங்கள் பழைய பதிப்புகளைப் பல ஆண்டுகள் பராமரிக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது வழுவை நீக்கும் நான்கு வரி மட்டும். நானூறு வரிச் சீரமைப்புக்குள் அது புதைந்திருந்தால் எடுத்து ஒட்ட முடியாது. ஒட்டினால் வேறெதாவது உடையும்.

சீரமைப்புக்குள்ளேயும் பிரிக்க வேண்டும். நிரலை ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது ஒரு கமிட். அதில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. பெயர் மாற்றம் அடுத்தது. நடத்தை மாற்றம் கடைசி. நகர்த்திய வரிகளைத் தனி நிறத்தில் காட்டும் வசதி, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் ‘கிட் டிஃப்’பில் உண்டு, நகர்த்தல் மட்டும் இருந்தால் ஆயிரம் வரியைக்கூடப் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். ஒவ்வொரு கமிட்டும் தனித்தனியாக பில்ட் ஆகி டெஸ்ட்டும் பாஸ் ஆக வேண்டும். ‘கிட் ரீபேஸ்’ கட்டளையின் ‘எக்ஸெக்’ வசதி ஒவ்வொன்றிலும் நிறுத்தி ஓட்டிப்பார்த்துத் தரும். இது வெறும் கண்டிப்பு இல்லை. பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் ‘கிட் பைசெக்ட்’ கொண்டு 1000 கமிட்டுகளில் குற்றவாளியைத் தேடினால் சுமார் 10 படியில் பிடித்துவிடலாம். நடுவில் பில்ட் ஆகாத கமிட்டுகள் கிடந்தால் தேடல் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

டெஸ்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. லிப்விர்ட்டின் முக்கியமான டெஸ்ட்டுகள், ஓர் எக்ஸ்எம்எல்லைக் கொடுத்து, அதிலிருந்து உருவாகும் கியூஎமு கட்டளை வரியைச் சேமித்துவைத்த கோப்போடு ஒப்பிடுபவை. ஏராளமான கோப்புகள் இருப்பதால், ஒரு சூழல் மாறியை 1 என்று வைத்து ஓட்டினால் எல்லாவற்றையும் புதிதாக எழுதிக்கொள்ளும் வசதி தந்திருக்கிறார்கள். சோம்பேறிக்குக் கிடைத்த கத்தி அது. சிவப்பு பச்சையாக மாறியதும் டிஃப்பைப் படிக்காமல் கமிட் செய்தால், வழுவே எதிர்பார்க்கும் விடையாகப் பதிந்துவிடும். சீரமைப்பில் அந்தக் கோப்புகளில் ஒரு வரி மாறினாலும் சந்தேகப்பட வேண்டும். சாதனத்தின் இடத்தைச் சொல்லும் பிசிஐ முகவரி ஒன்று இடம் மாறினால்கூட, ஓடும் கணினியை இன்னொரு சர்வருக்கு நகர்த்தும் லைவ் மைக்ரேஷன் தோற்கும். இரு பக்கமும் சாதனங்களின் அமைப்பு அச்சு அசலாக ஒத்திருந்தால்தான் அது நடக்கும்.

பயனர்கள் அதிகம் திட்டும் பிழைச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: ‘ஸ்டேட் சேஞ்ச் லாக்’ கிடைக்கவில்லை என்று 30 விநாடி கழித்து வருவது. ஒரு மெய்நிகர் கணினியின் நிலையை ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் மாற்றலாம்; முந்தைய வேலை முடியாததால் அடுத்தது காத்திருந்து களைத்துப்போனது என்று அர்த்தம். எல்லோரும் உடனே டீமனை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். தடயம் அழிந்துபோகிறது. முதலில் செய்தியின் கடைசியைப் படியுங்கள்: பூட்டை வைத்திருக்கும் வேலையின் பெயர் அதிலேயே இருக்கும். பிறகு அந்தக் கியூஎமு புராசஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று ‘பிஎஸ்’ கட்டளையில் பாருங்கள். ‘டி’ நிலை என்றால் அது டிஸ்க்கின் பதிலுக்காக உறைந்திருக்கிறது; பெரும்பாலும் பதில் சொல்லாத என்எஃப்எஸ் சர்வர் (நெட்வொர்க் வழியே கோப்பு தருவது), லிப்விர்ட் மேல் பழியில்லை. அப்படி இல்லையென்றால் ‘ஜிடிபி’ எனும் பிழை தேடும் கருவியை டீமனோடு இணைத்து எல்லா த்ரெட்டுகளின் பேக்ட்ரேஸையும் (எந்த ஃபங்ஷனில் நிற்கின்றன என்ற பட்டியலையும்) எடுத்துக்கொண்டு, அதன்பின் ரீஸ்டார்ட் செய்யுங்கள். வழுவைப் புகார் செய்யும்போது அந்தப் பேக்ட்ரேஸ், லிப்விர்ட், கியூஎமு இரண்டின் பதிப்பு எண்கள், லிப்விர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷில் ‘விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்’ தரும் வெளியீடு, அந்தக் கணினிக்கான கியூஎமு லாக் கோப்பு ஆகியவை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

விர்ட்-மேனேஜர் பக்கம் கதை வேறு. அது பைத்தான்; 2018-இல் பைத்தான் 3-க்கு மாறியது. மெமரி, பூட்டு என்ற தலைவலி இல்லை, அலகுதான் தலைவலி. லிப்விர்ட் மெமரியைக் கிபிபைட்டில் (1024 பைட்) சொல்கிறது, திரையில் மெபிபைட் (1024 கிபிபைட்), டிஸ்க் அளவோ பைட்டில். 1048576-ஐ 1024-ஆல் வகுத்தால் பைத்தான் 2-இல் 1024 வரும். பைத்தான் 3-இல் 1024.0 வரும். அந்தப் புள்ளியும் சுழியமும் எக்ஸ்எம்எல்லுக்குள் போனால் லிப்விர்ட் ஏற்காது. மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுவது மலிவான சீரமைப்பு. அது பிடிக்கும் வழுக்களோ ஏராளம்.

அலகு என்றதும் தங்கள் கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தி நினைவுக்கு வருகிறது. ஓடும் கணினியின் மெமரியை 2 ஜிபியாக மாற்ற ‘விர்ஷ் செட்மெம்’ கட்டளையில் கணினியின் பெயருக்குப் பின் 2048 என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. அலகு சொல்லாவிட்டால் அந்தக் கட்டளை கிபிபைட் என்றே எடுத்துக்கொள்ளும். வாசகர் கேட்டதாக ஆவது 2 மெபிபைட். மெமரியைத் திரும்பப் பிடுங்கும் பலூன் டிரைவர் அந்த அளவை நோக்கி இறுக்கத் தொடங்கினால் உள்ளே ஓடும் புராசஸ்கள் வரிசையாகச் சாகும். எண்ணோடு ஒட்டி ஆங்கிலப் பெரிய எழுத்து ‘எம்’ சேர்க்க வேண்டும் என்று அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லிப்விர்ட் நிரலோடு புழங்கும் ஒரு வாசகர்