இடது கைக்குத் தெரிந்தது

கோத்தகிரி
டிசம்பர் 9

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. முட்டி ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய், காலையில் அரை மணி நேரம் பாட உட்காருகிறாய் என்று படித்ததும் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தரையில் சம்மணம் போட முடியவில்லை என்று வருத்தப்படாதே. நாற்காலியில் உட்கார்ந்து பாடினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

இங்கே நவம்பர் முழுக்க மழை. குன்னூர் பாதையில் மண் சரிந்து மலை ரயில் சில நாள் நின்றது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, பறிக்க ஆளும் இல்லை. அண்ணன் அரை ஏக்கரை அப்படியே விட்டுவிட்டார். காட்டெருமை இரண்டு தினமும் வேலியோரம் வந்து நிற்கின்றன, இருட்டினால் யாரும் வெளியே போவதில்லை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

என் கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். போன தீபாவளிக்கு அப்புறம் நான் வீணையை எடுக்கவே இல்லை. உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், சொல்ல மனசு வரவில்லை. இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மூட்டுத் தேய்மானம். வீணைத் தண்டில் குறுக்கே பதித்த மெட்டின் மேல் விரலை வைத்து நிறுத்துவதைத் தாங்கிவிடலாம். கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போதுதான் உயிர் போகிறது. இழுக்காமல் வாசிப்பதென்றால் வீணை எதற்கு? தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தினால் அது தோடியா? அந்த ஒரு காந்தாரத்துக்காக டீச்சர் நம்மை எத்தனை சனிக்கிழமை உட்கார வைத்தார்கள் என்று உனக்கே தெரியும். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் அது எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அந்த விரலே போய்விட்டது என்று நினைத்து உறை போட்டு வைத்துவிட்டேன்.

இப்போது சந்தோஷமான செய்தி சொல்கிறேன். நான் ஒரு வாத்தியம் செய்திருக்கிறேன், விஜி. என் கையாலேயே. அதற்குத் தெரமின் என்று பெயர். வாசிக்கும்போது அதைத் தொடவே கூடாது.

அஞ்சறைப்பெட்டி அளவுக்கு ஒரு மரப்பெட்டி. வலது பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஒரு பித்தளைக் கம்பி, இடது பக்கம் படுக்கையாக வளைத்த இன்னொரு கம்பி. வலது கையைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். இடது கையை அந்த வளையத்தை நோக்கி இறக்கினால் சத்தம் அடங்கும், தூக்கினால் எழும். இதைக் கண்டுபிடித்தவர் லெவ் தெர்மென் என்ற ரஷ்ய இயற்பியலாளர். 1920 வாக்கில் வாயுக்களை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது, தன் கை அருகே போனால் அதிலிருந்து வரும் ஒலி மாறுவதைக் கவனித்திருக்கிறார். செல்லோ வாசிக்கத் தெரிந்தவர் என்பதால் அதை விட்டுவிடவில்லை. 1922-ல் லெனினுக்கே வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வரும்போது இதை ஒரு கிட்டாக, பாகம் பாகமாக, வாங்கி வந்தான். அதோடு கிளாரா ராக்மோர் என்ற அம்மாவைப் பற்றியும் சொன்னான். சின்ன வயதிலேயே வயலினில் பெயர் வாங்கியவர். கையில் வந்த கோளாறால் வயலினையே விட வேண்டி வந்தது. அப்புறம் தெரமினுக்கு வந்து, காற்றிலேயே விரல் பிடிப்பு முறை ஒன்றை உண்டாக்கி, அந்தக் காலத்தில் அவரைப் போல் வாசிக்க ஆளில்லை என்று பெயர் எடுத்தார். தெர்மென் அவருக்கென்றே கருவியைத் திருத்திச் செய்துகொடுத்தாராம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் எழுந்ததும் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைத் தேடி எடுத்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் ஜம்பர் கம்பி இழுத்த கை இது. வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். ரெசின் புகை எழுந்ததும் டெலிபோன் லைன்கள் எல்லாம் வந்து சேரும் பழைய எம்.டி.எஃப். அறைக்குள் நிற்கிற மாதிரியே இருந்தது.

வேலை எப்படி என்று சொல்கிறேன். போர்டில் உயரம் குறைந்த சாமான் முதலில்: ரெசிஸ்டர், அப்புறம் சின்ன கெபாசிட்டர், அப்புறம் டிரான்சிஸ்டர், கடைசியில் சுருள்கள். நாம் படித்தபோது ரெசிஸ்டரில் நாலு கோடு. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் பத்து கிலோ ஓம் என்று பார்த்த உடனே சொல்வேன். இப்போது வருவது நீல உடம்பில் அஞ்சு கோடு. நீலத்தின் மேல் பழுப்பும் சிவப்பும் ஒரே மாதிரி தெரிகின்றன. அதனால் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்து, காகிதத்தில் குத்தி, பக்கத்தில் மதிப்பை எழுதி வைத்துக்கொண்டேன். அதற்கே ஒரு நாள் போயிற்று. அந்த நாள் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

சால்டர் வைக்கும்போது அயர்ன் நுனி சாமானின் காலையும் போர்டில் இருக்கும் செம்பு வட்டத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டும் சூடானதும் ஈயக்கம்பியை எதிர்ப்பக்கம் வைத்தால், ஒரு கணம் முத்து மாதிரி உருண்டு நிற்கும். அப்புறம் சட்டென்று இளகி, காலைச் சுற்றி ஏறி, வெள்ளி மாதிரி மின்னி அடங்கும். அந்த ஒரு கணத்தைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. மங்கலாக, உருண்டையாகவே நின்றுவிட்டால் அது டிரை சால்டர். பிடித்த மாதிரி இருக்கும், பிடித்திருக்காது.

கிட்டில் ஒரு டிரான்சிஸ்டர் குறைந்தது. விற்ற இடத்துக்கு மூன்று தடவை போன் செய்தும் பதில் இல்லை. கோயம்புத்தூர் போக வேண்டுமே என்று நினைத்தபோது, கெட்டுப்போன எமர்ஜென்சி லைட் ஒன்று பரணில் கிடப்பது ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தால் அதே பி.சி. 547. பதமாகச் சூடு காட்டி உருவி, தட்டைப் பக்கத்தை என்னைப் பார்க்க வைத்து, கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று எண்ணிச் சரிபார்த்து வைத்தேன். வேலை செய்தது.

ஆனால் எல்லாம் முடித்து மின்சாரம் கொடுத்தால் சத்தமே இல்லை. இரண்டு ராத்திரி தேடினேன். கெபாசிட்டர் திசை சரி, வோல்டேஜ் சரி. மூன்றாம் நாள் காலை வெளிச்சத்தில் சுருளின் காலில் மீட்டர் முள்ளை வைத்தேன். பீப் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது, எனாமல்! சுருள் கம்பிக்கு மேலே பூச்சு உண்டு, அதுவும் செம்பு நிறமே. சுரண்டாமல் சால்டர் வைத்திருக்கிறேன். ஈயம் பூச்சைச் சுற்றி நின்றதே தவிர, கம்பியைத் தொடவே இல்லை. எடுத்து, பிளேடால் சுரண்டிச் சுரண்டி, கம்பி பளிச்சென்று ஆனதும் ஈயம் பூசி மறுபடி வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் ஊ என்று ஒரு சத்தம். கற்பூர மரத்துக்குள் காற்று போகிற மாதிரி. கையை நீட்டினேன், ஏறியது. இழுத்தேன், இறங்கியது. அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவள் கிட்ட வந்ததும் சுருதி இன்னும் ஏறியது!

இது எப்படி நடக்கிறது என்று உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நாம் இரண்டு பேரும் இதை முன்பே பார்த்திருக்கிறோம். காலேஜில் படிக்கும்போது ஊட்டி பக்கத்தில் முத்தோரைக்குக் கூட்டிப்போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து 1970-ல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி. மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 24 வளைந்த சட்டங்கள், அவற்றின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். நீ பார்த்ததும், “இருபத்துநாலு மெட்டு, கம்பி வேற, வீணையேதான்!” என்று கத்தினாய். வானத்திலிருந்து வரும் அலை மிக வேகமாக அதிர்வது, அதோடு இங்கே உண்டாக்கிய இன்னொரு அலையைக் கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று அங்கே ஒருவர் விளக்கினார். அன்று எனக்குப் பாதிதான் புரிந்தது.

தெரமினிலும் அதே கலப்புத்தான். உள்ளே மின் அலையை உண்டாக்கும் இரண்டு அலையியற்றிகள். ஒன்று நொடிக்கு 2,85,000 முறை அதிர்கிறது, இன்னொன்று 2,84,560 முறை என்று வைத்துக்கொள். இரண்டுமே நம் காதுக்கு எட்டாதவை. கலந்தால் வித்தியாசம் 440. ஆறு கட்டை மேல் சட்ஜம் கேட்கும். பித்தளைக் கம்பி இரண்டில் ஒன்றோடு சேர்ந்தது. கம்பியும் நம் கையும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர் ஆகிவிடுகின்றன. கை நகர்ந்தால் அது மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு மாறும், அந்த அலையின் அதிர்வும் மாறும். தேக்கும் அளவில் மாறுவது ஒரு பிகோஃபாரட், அதாவது மிக மிகச் சிறிய அளவு, அதுகூட இருக்காது. அதுவே ஒரு ராகத்துக்குப் போதும். அந்த மின்சுற்றில் கடைசிச் சாமான் நான்தான், விஜி. எல்லாவற்றையும் சால்டர் வைத்து முடித்த பிறகு போர்டில் மிச்சமிருந்த ஒரு இடத்தில் நான் நிற்கிறேன்.

இனி வாசிப்புக்கு வருகிறேன். மேல்நாட்டு இசைக்காரர்களுக்கு இதில் பெரிய சிரமம், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்காமல் போவது. இடது கையால் சத்தத்தை அணைத்து அணைத்து அந்த வழுக்கலை மறைக்கிறார்கள். நமக்கு அந்த வழுக்கல்தானே ஜாரு! மெட்டு இல்லை, படி இல்லை, காற்றில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் எல்லா இடமும் ஒரே அளவில் இல்லை. கம்பிக்குக் கிட்டப் போகப் போக ஸ்வரங்கள் நெருங்குகின்றன. கீழ் ஸ்தாயியில் நாலு விரல் அகலம் இருந்த இடைவெளி, மேலே ஒரு விரல்கூட இல்லை. உடம்பு அசையக் கூடாது. தலையாட்டினால் சுருதி ஆடும், தாளம் போடக் கை இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. வீணையில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைப்பது, இடது கை வேலை, வலது கை மீட்டும். இங்கே தலைகீழ். நாற்பது வருஷமாக இடது கை சேர்த்து வைத்ததை எல்லாம் இப்போது வலது கைக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு இடது கை விரல் இழுப்பதாக நினைத்துக்கொள்வேன், வலது கை அதைக் கேட்டு அசையும். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, காந்தாரம் வந்தது. ஒரே ஒரு தடவை, மூன்று நொடி இருக்கும். வலியே இல்லாமல். நான் அழுதேன்.

சுருதி நிற்பதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. முதலில் இரண்டு பின் அடாப்டரில் போட்டிருந்தேன், கை நீட்டினால் பாதி தூரத்துக்குமேல் சரியாகக் கேட்கவில்லை. மூன்று பின் உள்ள ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்ததும் எர்த் கிடைத்தது, உடனே திருந்திவிட்டது. அப்புறம் நம் ஊர்க் குளிர். சுவிட்சைப் போட்டதும் வாசிக்க உட்காரக் கூடாது, கால் மணி நேரம் சூடாகவிட வேண்டும். சாயங்காலம் மூடுபனி இறங்கும்போது ஜன்னல் திறந்திருந்தால் சுருதி மெல்ல நகர்ந்துபோகிறது. போர்டில் ஒட்டியிருந்த ரெசின் கறையை ஸ்பிரிட் தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவினேன், பாதி குறைந்தது. சுருளின் நடுவில் இருக்கும் ஃபெரைட் துண்டைத் திருகித்தான் சுருதி சேர்க்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் ஆகாது, அது கிட்ட வந்தாலே அளவு மாறும். ஸ்வெட்டர் பின்னும் மூங்கில் ஊசி ஒன்றை நுனியில் தட்டையாகச் சீவி வைத்துக்கொண்டேன். கையைத் தோள் வரை இழுத்தால் சத்தம் இறங்கி இறங்கி அப்படியே நின்றுவிட வேண்டும், அதுதான் கணக்கு.

இன்னொன்று படித்தேன். சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்துக்குப் பேர் போன ராபர்ட் மூக் இருக்கிறாரே, அவர் பள்ளிப் பையனாக இருந்தபோதே தெரமின் செய்தவர், அப்புறம் தெரமின் கிட் விற்றுத்தான் தொழிலையே தொடங்கியிருக்கிறார். அவருடைய சிந்தசைசர் ஒன்று 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டதாம், டேவிட் டியூடர் என்ற இசைக்கலைஞர் வந்து அமைத்துக் கொடுத்திருக்கிறார். நாம் சரளி வரிசை படித்த காலத்துக்கு முன்பே!

பொங்கல் கழித்து ஒரு வாரம் இங்கே வந்து இரு. மறுக்காதே. முட்டிக்கு ஏற்றமாதிரி கீழ் அறையைத் தயார் செய்துவிட்டேன். மழை இருந்தால் ரயிலை நம்பாதே, மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக வரும் பஸ்ஸில் ஏறு, நான் ஸ்டாண்டில் நிற்கிறேன். நீ பாட வேண்டும், நான் பின்னாலேயே வர வேண்டும்; தனியாக வாசித்தால் சட்ஜம் எங்கே என்று காற்றில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வரும்போது உன் சுருதிப் பெட்டியை எடுத்து வா. இங்கே இருப்பதில் பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பிடித்துக் கிடக்கிறது. அதைத்தான் அடுத்து திறக்கப் போகிறேன்.

உன்
சாந்தா