மலேசியாவின் சுங்கை சிப்புட் மக்களுக்கு, ஊருக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பிகளே,

தோட்டத்து வேலையிலிருந்து என்னை நிறுத்தியதற்கான இழப்பீட்டுப் பணம் நேற்று மதியம் வந்துவிட்டது. வங்கி மெஷினில் அந்த எண்ணை மூன்று தடவை பார்த்தேன். நாளை இரவு விமானம். நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் கைமாறிய நாளிலிருந்து எங்களோடு நின்றவர்கள் நீங்கள்.

முதலில் கடையம்மாவைப் பற்றி எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போகிற சடக்கு (சாலை) முனையில் மளிகைக் கடை என்றால் உங்களுக்கே தெரியும்.

லேபர் ஆபீசில் எங்கள் புகார் ஒரே ஒரு கேள்வியில் நின்றுபோனது. நான் எப்போது வேலைக்குச் சேர்ந்தேன்? நான்கு வருடம் ஆயிற்று என்றேன். பழைய செக்ரோல் (வருகைப் பதிவேடு) கிடைக்கவில்லை, கணக்கில் பதினோரு மாதம்தான் இருக்கிறது என்றது நிர்வாகத் தரப்பு. தொடர்ந்து 12 மாதம் வேலை செய்யாதவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நான்கு வருடம் என்றால் வருடத்துக்கு 15 நாள் வீதம் 60 நாள் சம்பளம் வர வேண்டும். நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்தியதற்கு 6 வாரச் சம்பளம் தனி. எல்லாம் அந்த ஒரு தேதியில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் சம்பளச் சீட்டு ஒன்றுகூட இல்லை. முதல் வருடங்களின் வேலை பெர்மிட் குத்தகைக்காரர் பெயரில் இருந்ததால் அதுவும் உதவவில்லை.

அன்று சாயங்காலம் கடைக்குப் போனது, இந்த மாதமும் கடனைக் கட்ட முடியாது என்று சொல்லத்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றை இழுத்தார். உள்ளே எல்லாம் அட்டையில் 555 என்று போட்ட சின்னக் கடன் புத்தகங்கள், ஆளுக்கொரு கட்டாக ரப்பர் போட்டிருந்தது. என்னுடையது ஒன்பது. ஒவ்வொரு அட்டையிலும் என் பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன். முதல் பக்கத்தில் நான் வந்து இறங்கிய வாரத்தின் தேதி: 5 கிலோ அரிசி, நெத்திலி, மிளகாய்த்தூள், ஒரு ஜோடி பூட்ஸ். சில மாதங்களுக்கு நேரே அவர் கையெழுத்தில் "சம்பளம் இன்னும் போடல" என்று இருந்தது. நான் கடன் சொன்ன காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார். எனக்கே மறந்துபோன மாதங்கள் அவை.

விசாரணை அன்று கடையைச் சாத்திவிட்டு எங்களோடு பஸ் ஏறினார். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பெராஸ் (அரிசி), இக்கான் பிலிஸ் (நெத்திலி) என்று ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து அதிகாரிக்கு மலாயில் படித்துக் காட்டினார். அந்த அதிகாரி அம்மையாரும் அவசரப்படுத்தாமல் ஒன்பது புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் என் நன்றி. அதற்குப் பிறகு நிர்வாகத் தரப்பு என் தேதியைப் பற்றிப் பேசவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், தீர்ந்துபோன புத்தகங்களை எதற்கம்மா இத்தனை வருடம் வைத்திருக்கிறீர்கள் என்று. 1969-ஐப் பற்றிச் சொன்னார். அப்போது அவர் சின்னப் பிள்ளை. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று முந்தைய வருடம் சட்டம் வந்திருந்தது. பெர்மிட் கிடைக்காத அவருடைய பெரியப்பா குடும்பத்தோடு பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறிவிட்டார். "இருபது வருஷம் ரப்பர் பால் வெட்டினவரு தம்பி. அதைக் காட்ட ஒரு துண்டுத் தாள் இல்ல" என்றார். அப்புறம் ஈப்போ சடக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் கப்பல் நாகப்பட்டினத்திலும் ஆள் இறக்கும். நான் அந்தப் பக்கத்துக்காரன். எனக்குப் பேச்சு வரவில்லை.

அம்மா என் கடனைத் தள்ளிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "நீ கட்டிட்டுத்தான் போகணும், அதுக்குத்தான் உன் காசு வரணும்" என்பார். பிச்சைக்காரனாக என்னை ஒரு நாளும் நடத்தவில்லை. நேற்று இரவு கட்டினேன். பக்கம் பக்கமாகக் கோடு போட்டு அடித்து, மிச்சம் 40 காசை எண்ணிக் கையில் வைத்தார்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா மலாயில் புகாரை எழுதித் தந்ததோடு, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உனக்கும் பொருந்தும், தைரியமாகப் பேசு என்றார். வேலை திரும்ப வேண்டுமானால் தொழில் உறவு இலாகாவுக்கு 60 நாளுக்குள் போக வேண்டும் என்று எச்சரித்ததும் அவர்தான். கோயில் மண்டபத்தில் படுக்க இடம் கொடுத்த நிர்வாகக் குழுவுக்கும், பசியாறல் அனுப்பிய தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளுக்கும், வழக்கு முடியும்வரை நாட்டில் தங்க அனுமதிக்கும் ஸ்பெஷல் பாசுக்கு மாதா மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்துக் கொடுத்த இளைஞர்களுக்கும், தங்கள் சோற்றைப் பங்கு போட்ட வங்காளதேசத்துச் சகோதரர்களுக்கும் நன்றி.

அந்தப் பாசை வைத்துக்கொண்டு நாட்டில் இருக்கலாம், வேலை செய்ய முடியாது. புகார் கொடுக்க உரிமை இருக்கிறது, தீர்ப்பு வரும்வரை சாப்பிட வழி இல்லை. இது சரியே இல்லை. எங்களோடு புகார் கொடுத்த ஆறு பேர் பாதியில் ஊர் திரும்பியது இதனால்தான். அவர்கள் தோற்கவில்லை, பசி தாங்க முடியவில்லை. நீங்கள் இல்லையென்றால் நான் ஏழாவது ஆள்.

ஊரில் என் தெருவிலிருந்து இனி யார் வெளிநாடு கிளம்பினாலும் அவர்கள் வீட்டுக்கு நானே போவேன். சேர்ந்த தேதி, செய்த வேலை, வாங்கிய சம்பளம், எல்லாவற்றையும் அன்றன்றைக்கே உன் கையால் எழுதி வை, பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே, பெர்மிட் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பு என்று சொல்வேன். அம்மா கடையிலேயே பத்து 555 புத்தகம் வாங்கியிருக்கிறேன், அவர்களுக்குக் கொடுக்க.

இன்னும் ஒன்று. மூன்று தம்பிகளின் விசாரணை அடுத்த மாதம் வருகிறது. அவர்களுடைய புத்தகங்களும் அந்த டின்னில்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு முட்டிவலி, பஸ் படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். கார் வைத்திருப்பவர்கள் யாராவது அன்று காலை ஏழு மணிக்குக் கடை வாசலுக்கு வந்துவிடுங்கள்.