ஹேடீஸுக்குக் கொம்பு வேண்டாம்: கிரேக்கத் தொன்மங்களைத் தமிழில் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

கிரேக்கத் தொன்மக் கதைகளைத் தமிழில் பெயர்ப்போருக்கும், அவற்றைச் சிறுவர் நூல்களாகப் பதிப்பிப்போருக்கும், மொழிமாற்றுப் படங்களுக்கு வசனம் எழுதுவோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டி வருகிறேன். சென்ற மாதம் கிரேக்கக் கதைகள் அடங்கிய தமிழ் நூல் ஒன்றை எடுத்துச் சென்றிருந்தேன். அதில் ஹேடீஸ் என்னும் தெய்வம் ‘நரகத்தின் அரசனான எமன்’ என்று அறிமுகமாகிறார். எதிர்ப்பக்கம் முழுவதும் அவருடைய படம்: சிவந்த உடம்பு, நெற்றியில் இரண்டு கொம்புகள், கையில் சூலம், காலடியில் கொழுந்துவிட்டெரியும் தீ. வாசித்து முடித்ததும், அண்மையில் தன் அம்மாச்சியைப் பறிகொடுத்திருந்த சிறுமி ஒருத்தி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தத் தீயின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “அந்த நாட்டுல செத்துப்போற எல்லாருமே இங்கதான் போவாங்களா? நல்லவங்களுமா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட், ஒடிசி என்னும் காவியங்களில் இறந்தவர் அனைவரும், வீரரும் கோழையும், அரசரும் அடிமையும், ஹேடீஸின் இல்லத்துக்குத்தான் போகிறார்கள். ஆனால் அங்கே தீ இல்லை, கொம்பு முளைத்தவர் எவருமில்லை. அந்தப் படத்தை வரைந்தவரும் அந்தச் சொல்லைத் தேர்ந்தவரும், தம்மை அறியாமலே, ஒரு நாகரிகத்தின் இறந்தோர் அத்தனை பேரையும் தீயில் தள்ளிவிட்டார்கள். இம்மடலை எழுதத் தூண்டியது அதுவே.

ஹேடீஸ் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குரோனஸுக்கும் ரியாவுக்கும் பிறந்த பிள்ளைகளுள் ஒருவர். பிறந்தவுடன் தந்தையால் விழுங்கப்பட்டு, பிறகு உடன்பிறந்தாரோடு வெளியே வந்தவர். தந்தையின் ஆட்சி வீழ்ந்தபின் மூன்று சகோதரர்களும் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டுக்கொண்டதாக இலியட்டின் 15ஆம் பகுதியில் பொசைடனே சொல்கிறார். ஜீயஸுக்கு வானம் விழுந்தது, பொசைடனுக்குக் கடல், ஹேடீஸுக்கு மூடுபனி சூழ்ந்த இருள். நிலமும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது. நம் ஊரில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது திருவுளச்சீட்டு எடுப்பதைப் போன்றதுதான் இது. ஹேடீஸ் கலகம் செய்து வீழ்த்தப்பட்டவர் அல்லர். எவருடைய சாபத்தாலும் கீழே போனவர் அல்லர். கடவுளுக்கு எதிராக எழுந்து தள்ளப்பட்டவன் என்பது சாத்தானின் கதை. அதை இவர் தலையில் கட்டுவதற்குக் கிரேக்க மூலங்களில் இடமே இல்லை.

எமன் என்ற சொல்லும் பொருந்தவில்லை. நம் எமன் எருமைமேல் வருகிறவன், பாசக்கயிறு வீசுகிறவன், சித்திரகுப்தன் எழுதிவைத்த கணக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற தர்மராசன். ஹேடீஸோ உயிரைப் பறிக்க எங்கும் வருவதில்லை. தம் இருப்பிடத்தை விட்டு அவர் மேலே ஏறி வந்த நிகழ்ச்சிகளே மிகச் சில. உயிரைக் கவர்வது தானடோஸ் என்னும் வேறொரு தெய்வத்தின் வேலை. உறக்கத்தின் தெய்வமான ஹிப்னோஸ் அவனுடைய இரட்டையன். ஆவிகளை வழிநடத்திச் செல்பவர் ஹெர்மீஸ். ஆற்றைக் கடத்திவிடுபவன் காரோன் என்னும் ஓடக்காரன், அவனுக்குக் கூலியாகத்தான் பிணத்தின் வாயில் காசு வைத்தார்கள். பிளேட்டோவின் உரையாடலில் தீர்ப்புச் சொல்வோர்கூட மினோஸ், ராடமாந்தஸ், ஐயகோஸ் என்ற மூவரே. ஹேடீஸ் வந்தவர்களை ஏற்றுக்கொள்கிறார், திரும்பிப் போக விடுவதில்லை. அவருடைய தொழில் அவ்வளவுதான். ‘பலரை வரவேற்பவர்’ என்று பொருள்படும் பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு.

தமிழில் கூற்றுவன் என்ற அருமையான சொல் இருக்கிறது. உடலையும் உயிரையும் கூறுபடுத்துபவன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அதைத் தானடோஸுக்குக் கொடுத்துப் பாருங்கள், அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும். ஹேடீஸுக்குக் கொடுத்தால், ஓடக்காரனும் வழிகாட்டியும் கூற்றுவனும் தனித்தனியே நின்று இயங்கும் அந்த உலகம் ஒற்றை ஆளாகச் சுருங்கிவிடுகிறது.

இனி நரகத்துக்கு வருகிறேன். கிரேக்கரிடம் கொடிய சிறை ஒன்று இருந்தது. அதன் பெயர் டார்டரஸ். பூமிக்கு மேலே வானம் எவ்வளவு தொலைவோ, அவ்வளவு தொலைவு ஹேடீஸின் உலகுக்கும் கீழே அது கிடப்பதாக இலியட் சொல்கிறது. வெண்கலப் பட்டடைக்கல் ஒன்றைப் பூமியிலிருந்து போட்டால் ஒன்பது நாள் ஒன்பது இரவு விழுந்து பத்தாம் நாள்தான் டார்டரஸைத் தொடும் என்று பழங்கவிஞர் ஹெசியாட் கணக்கிடுகிறார். ஜீயஸிடம் தோற்ற, குரோனஸின் கூட்டத்தாரான டைட்டன்களைச் சிறைவைத்த இடம் அது. பிற்கால ஆசிரியர்கள் பெரும்பாவிகளையும் அங்கே அனுப்பினார்கள். ஒடிசியின் 11ஆம் பகுதியில், பாறை உருட்டும் சிசிபஸும் நீருக்குள் நின்றும் தாகம் தீராத டாண்டலஸும் ஹேடீஸின் உலகிலேயே துன்புறுவதைக் காண்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் தேவர்களை நேரடியாகப் பகைத்துக்கொண்ட விதிவிலக்குகள். பொதுவாக இறந்தோரின் துயரம் வேறு வகையானது. அதே பகுதியில், டிராய்ப் போரில் மாண்ட வீரன் அகிலீஸின் ஆவி, உயிரோடு அங்கே வந்த ஒடிசியஸிடம், இறந்தோர் எல்லாருக்கும் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழை ஒருவனிடம் கூலியாளாக இருப்பதே மேல் என்கிறது. தன்னை எவரும் வதைப்பதாக அது முறையிடவில்லை. வெயில் இல்லை, உடம்பு இல்லை, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அதன் குறை. இந்தத் துயரத்தின் மேல் தீயை வரைந்தால், ஹோமரின் மிக நுட்பமான இடமொன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமலே போய்விடும்.

தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது; ஹேடீஸ் என்ற சொல் அதில் இறந்தோர் உறையும் இடத்தின் பெயராகப் பல இடங்களில் வருகிறது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் அதையும், எரியும் தண்டனையைக் குறிக்கும் கெஹென்னா என்ற சொல்லையும் பெரும்பாலும் ஒரே சொல்லால் பெயர்த்துக் குழப்பிவிட்டது. பரவலாகப் புழங்கும் நம் பழைய தமிழ் வேதாகமமோ கெஹென்னாவை ‘நரகம்’ என்றும், ஹேடீஸைப் ‘பாதாளம்’ என்றும் பிரித்து எழுதியது. மத்தேயு நற்செய்தியில் பேதுருவிடம் இயேசு சொல்லும் ‘பாதாளத்தின் வாசல்கள்’ என்பது மூலத்தில் ஹேடீஸின் வாசல்களே. லூக்கா நற்செய்தியில் ஐசுவரியவான் வேதனைப்படுகிற இடமும் பாதாளம்தான். ஆகவே அந்தச் சொல்லின்மேல் தண்டனையின் சாயல் ஏறத் தொடங்கியிருந்ததை மறுக்க முடியாது. ஆனால் அது ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய நிலை. நம் முன்னோடி மொழிபெயர்ப்பாளர்கள் அத்தனை கவனமாகக் காத்த எல்லையை, ஆங்கிலச் சிறுவர் நூல்களையும் அசைபடங்களையும் பார்த்து எழுதும் நாம் அழித்துக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

பாதாளம் என்பதும் முழுப் பொருத்தமில்லை. புராணங்களில் அது நாகர்கள் வாழும் கீழுலகம். ஆனாலும் அந்தச் சொல்லில் வெறுப்பு இல்லை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி இறக்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது கண்ணுக்கு எட்டாத ஆழம், அவ்வளவே. ஹேடீஸ் என்ற பெயருக்கும் ‘காணப்படாதவர்’ என்றே பழங்காலத்தில் பொருள் கொண்டார்கள். அணிந்தவரை மறைக்கும் தலைக்கவசமும் அவருக்கு உரியது. டிராய்ப் போரில் அதீனா என்னும் பெண்தெய்வம் அதை அணிந்துகொண்டுதான் போர்த்தெய்வம் ஏரிஸின் கண்ணுக்குப் படாமல் நின்றாள்.

அந்தப் பெயரைக்கூட மக்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கினார்கள். ‘செத்தார்’ என்னாமல் ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’ என்கிற நமக்கு அந்தத் தயக்கம் எளிதில் விளங்கும். அவர்கள் தேர்ந்த மாற்றுப் பெயர்தான் புளூட்டோன், அதாவது செல்வமுடையவர். விதை முளைப்பதும் வெள்ளியும் பொன்னும் கிடைப்பதும் மண்ணுக்கு அடியிலிருந்துதான் என்பதால் அந்தப் பெயர். பணம் பாதாளம் மட்டும் பாயும் என்கிறோம் நாம். கிரேக்கர்களுக்கோ செல்வம் பாதாளத்திலிருந்து மேலே வந்தது. 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோவுக்கும், அதன் வழியாகப் புளூட்டோனியம் என்னும் தனிமத்துக்கும் பெயர் இவரிடமிருந்தே போயிற்று. பள்ளிப் பாடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பெயர் அது என்பதை ஓர் அடிக்குறிப்பிலாவது சொல்லலாமே.

அஞ்சினார்கள், ஆனால் இகழவில்லை. இலியட்டில் அல்தேயா என்னும் தாய் மண்டியிட்டு, கண்ணீர் மடியை நனைக்க, இரு கைகளாலும் தரையை அடித்தடித்து ஹேடீஸையும் அவர் மனைவி பெர்செஃபோனியையும் கூப்பிடுகிறாள். மேலே இருக்கும் தெய்வத்துக்குக் கை உயரும், கீழே இருப்பவருக்குத் தரையைத் தட்ட வேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த பவுசானியஸ், தாம் அறிந்தவரை ஹேடீஸை வழிபடுவோர் எலிஸ் நகரத்தார் மட்டுமே என்றும், அவர்களுடைய கோயில் ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே திறக்கப்பட்டது என்றும், அன்றும் பூசாரியைத் தவிர எவரும் உள்ளே போகவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இன்றைய துருக்கியில், பாமுக்கலே அருகே உள்ள ஹியராபோலிஸில் ‘புளூட்டோனியம்’ எனப்பட்ட குகைவாய் ஒன்று இருந்தது. அதற்குள் தாம் விட்ட சிட்டுக்குருவிகள் அக்கணமே செத்து விழுந்ததாகப் பழங்கால நிலவியல் ஆசிரியர் ஸ்டிராபோ குறித்திருக்கிறார். அந்த இடத்தை அடையாளம் கண்டதாக 2013இல் இத்தாலியத் தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். நிலப்பிளவிலிருந்து கசியும் கரியமில வாயுவே அந்தச் சாவுகளுக்குக் காரணம். காற்றைவிடக் கனமான அது தரையோடு தேங்கி நிற்கிறது. இப்படிப்பட்ட செய்தி ஒன்றைக் கதையோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் எப்படிக் கேட்பார்கள் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

ஹேடீஸை நல்லவராக்கிக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அண்மைக்காலமாக ஆங்கிலத்தில் அவரை மென்மையான காதலராக்கி எழுதும் போக்கு பரவியிருக்கிறது, அதுவும் தமிழுக்கு வந்துகொண்டிருக்கிறது. பெர்செஃபோனியின் தாயும் விளைச்சலின் தெய்வமுமான டெமீட்டரைப் போற்றும் பழைய கிரேக்கத் துதிப்பாடல் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செஃபோனியை அவர் தூக்கிச் சென்றார். அவளுக்கு விருப்பமில்லை, அலறினாள். தந்தை ஜீயஸ் முன்பே சம்மதித்திருந்தார், தாயிடம் எவரும் கேட்கவில்லை. வடகிரேக்கத்தின் வெர்கினாவில், 1977இல் மனோலிஸ் ஆந்திரோனிகோஸ் தோண்டி வெளிக்கொணர்ந்த கல்லறைகளுள் ஒன்றின் சுவரில் இந்தக் காட்சி இருக்கிறது. பாயும் தேரில் ஹேடீஸ் ஒரு கையால் அவளை வளைத்துப் பிடித்திருக்கிறார். அவள் உடல் பின்னோக்கி வளைந்து, இரு கைகளும் வெற்றிடத்தில் எதையோ பற்றத் தவிக்கின்றன. தோழி ஒருத்தி அச்சத்தில் தரையோடு ஒடுங்கியிருக்கிறாள். இன்னொரு சுவரில் தனியாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள் டெமீட்டர் என்றே பலரும் கருதுகிறார்கள். கிரேக்கர்கள் இதைக் காதல் என்று வரையவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவுமில்லை. தாயின் துயரத்தால் நிலம் விளையாமல் போக, ஜீயஸ் விட்டுக்கொடுத்தார். மாதுளை விதையைத் தின்றுவிட்டதால் பெர்செஃபோனி ஆண்டின் மூன்றிலொரு பங்கைக் கீழேயும், மீதியைத் தாயோடும் கழிக்கலானாள். தென் இத்தாலியின் லோக்ரியில் கிடைத்த, கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பலகைகளில் அவள் ஹேடீஸுக்கு இணையாக அரியணையில் அமர்ந்திருக்கிறாள். கையில் கோதுமைக் கதிரும் சேவலும் இருக்கின்றன. கவர்ந்து செல்லப்பட்டவளும் அரசியும் ஒருத்தியே. இரண்டையும் சொல்ல வேண்டும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஹேடீஸ் என்ற பெயரை அப்படியே விட்டுவிடுங்கள். ‘இறந்தோர் உலகின் அரசர்’ என்று ஒரு வரி சேர்த்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். அவருடைய உலகைக் கீழுலகம் என்றோ பாதாளம் என்றோ எழுதுங்கள். நரகம் என்ற சொல் தேவைப்பட்டால் அது டார்டரஸுக்கு இருக்கட்டும். திரையில் உதட்டசைவுக்கு ஏற்றபடி எமன் என்ற சிறிய சொல் தேவைப்படும் நெருக்கடியை அறிவேன். அங்கேகூட ‘ஹேடீஸ்’ மூன்று எழுத்துகளில் அடங்கிவிடும். ஓவியரிடம் வேலையைக் கொடுக்கும்போது, லோக்ரிப் பலகை ஒன்றின் படத்தையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.

நான் வாசித்த நூலில் திருத்த வேண்டியவை பதினோரு இடங்கள். நூலகத்தின் படி என்பதால் அதில் எதுவும் எழுதாமல், தனித்தாளில் பக்க எண்ணோடு குறித்து வைத்திருக்கிறேன். பதிப்பாளருக்கு அதை அனுப்பவிருக்கிறேன். உங்களில் எவர் கேட்டாலும் இப்படி வாசித்துக் குறித்துத் தரக் காத்திருக்கிறேன். அந்தச் சிறுமிக்கு அன்று லோக்ரிப் பலகையின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். சேவல் எதற்கு என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

இப்படிக்கு,
கிளை நூலகம் ஒன்றின் கதைசொல்லி