விவசாயிகளின் கணக்கு விவரங்கள் செல்லும் வழியும் காக்கப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டத்தில் குன்னூர், கோத்தகிரி, குந்தா வட்டங்களில் உள்ள தேயிலை ஆலைகள், பச்சைத் தேயிலைக்கான தொகையை மாதந்தோறும் சிறு விவசாயிகளின் வங்கிக் கணக்கில் செலுத்துவதற்கு முன்னர், ஒரு பட்டியலைக் கணினி வழியே வங்கிக்கும் தணிக்கையாளர் அலுவலகத்துக்கும் அனுப்புகின்றன. விவசாயியின் பெயர், ஊர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண், அவருக்குச் சேர வேண்டிய தொகை ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். பச்சைத் தேயிலையின் விலையைப் பற்றி இம்மாவட்டத்தில் பேசாதவர் இல்லை. ஆனால், இந்தப் பட்டியல் எந்த வழியாகப் போகிறது, போகும் வழியில் யார் கண்ணில் படுகிறது, போய்ச் சேர்ந்த பின் எங்கே கிடக்கிறது என்று கேட்பவர்களை, இப்பகுதி ஆலைகளின் கணினிப் பணிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வரும் நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். கோப்புகளை அனுப்பும் மென்பொருளை வாங்கும்போது ஆலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் எவற்றைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியே சொல்ல விரும்புகிறேன்.

இன்று பல இடங்களில் எக்செல் பட்டியல் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பப்படுகிறது. அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில் போகிறது. இணையம் கிடைக்காத நாளில் பென் டிரைவில் ஏற்றி, குன்னூருக்குப் போகும் யாரேனும் ஒருவரிடம் கொடுத்தனுப்பப்படுகிறது. வாட்ஸ்அப்பில் செல்லும் செய்தியை இடையில் எவரும் படிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால், அந்தப் பட்டியல் எழுத்தரின் சொந்தக் கைப்பேசியில், அவர் வேலையை விட்டுச் சென்ற பின்னரும் இருந்துகொண்டே இருக்கும். அதை நீக்கவோ, அவர் அதை வேறு யாருக்கு அனுப்பினார் என்று அறியவோ ஆலைக்கு வழியே இல்லை.

இவற்றைத் தவிர, பழைய கணக்கு மென்பொருள்கள் சிலவற்றில் எஃப்டிபி என்னும் பழைய கோப்பு அனுப்பும் முறையும் இன்னும் உயிரோடு இருக்கிறது. கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து, பின்னர் அமெரிக்காவின் எம்ஐடியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த அபய் பூஷண் 1971 ஏப்ரலில் அதன் முதல் வரைவை எழுதினார். ஒரு சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே இணைந்திருந்த வலையமைப்புக்காக எழுதப்பட்டது என்பதால், அதில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எந்த மறைப்பும் இன்றி அப்படியே கம்பியில் செல்கின்றன. இந்தியர் ஒருவரின் அந்தப் பணி போற்றத்தக்கது. ஆனால், அந்தக் காலத்து நம்பிக்கையை வைத்து இன்று விவசாயியின் கணக்கு எண்ணை அனுப்பக் கூடாது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய உலாவிகள் இரண்டும் 2021ஆம் ஆண்டிலேயே எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன. எந்த ஆலையிலாவது அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதை நிறுத்துவதே முதல் வேலை.

அதன் இடத்தில் வரத்தக்கவை இரண்டு. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவு போன பின், அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனன் 1995இல் எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான இணைப்பு முறையை உருவாக்கினார். அந்த இணைப்பின் மேல் இயங்குவது எஸ்எஃப்டிபி. வங்கிகளின் இணையதளங்களைக் காக்கும் அதே டிஎல்எஸ் என்னும், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கத்தைப் பழைய எஃப்டிபியின் மேல் போர்த்தியது எஃப்டிபிஎஸ். பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் இவை வெவ்வேறு. எஃப்டிபிஎஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தனி இணைப்புக் கேட்பதால், ஃபயர்வால் என்னும் வலையமைப்புக் காவல் அரணில் பல கதவு எண்களைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். எஸ்எஃப்டிபிக்கு 22 என்ற ஒரே கதவு எண் போதும். கணினிப் பணிக்கென்று முழுநேர ஆள் வைக்க இயலாத நம் ஆலைகளுக்கு எஸ்எஃப்டிபியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸ் 10இல் 2018 முதலே அதற்கான கருவி உடன் வருவதால், செலவு அதிகம் என்று எவரும் சொல்ல இயலாது.

விற்பனைக்கு வருபவர்கள் குறியாக்கத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ‘256 பிட்’ என்ற சொல் எல்லா விளம்பரத் தாள்களிலும் இருக்கும். அந்தக் குறியாக்கம் இன்று ஏறத்தாழ எல்லா மென்பொருளிலும் உண்டு. அதை வைத்து ஒன்றை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று தேர்ந்தெடுக்க முடியாது. அவர்கள் அதிகம் பேசாதது, மறுமுனையில் இருப்பது உண்மையில் வங்கியின் கணினிதானா என்று உறுதிசெய்யும் வசதி. முதல் முறை இணையும்போது மறுமுனைக் கணினியின் ‘கைரேகை’ என்று ஒரு நீண்ட எழுத்துக் கோவை திரையில் தோன்றும். வங்கி எழுத்து மூலம் தந்திருக்கும் கோவையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும். நான் பார்த்த இடங்களில் எல்லாம், வேலை முடிந்தால் போதும் என்று படிக்காமலேயே அழுத்திவிடுகிறார்கள். பின்னொரு நாள் அந்தக் கைரேகை மாறியிருந்தால், நல்ல மென்பொருள் பட்டியலை அனுப்பாமல் நின்றுவிடும். அந்த நிறுத்தம் தொல்லையாக இருக்கிறது என்பதற்காக, சரிபார்ப்பையே அணைத்து வைத்துவிட்டுப் போகும் நிறுவுநர்களும் இருக்கிறார்கள். வலுவான குறியாக்கத்தோடு பட்டியலைத் திருடனிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும் செயல் அது. ஆலை நிர்வாகிகள் இதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

அலுவலகத்தில் உள்ள எல்லோரும் ஒரே பயனர் பெயரையும், மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்த ஒரே கடவுச்சொல்லையும் பயன்படுத்தும் வழக்கமும் ஒழிய வேண்டும். ஆளுக்கொரு கணக்கும், கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஆளுக்கொரு டிஜிட்டல் சாவியும் (அவரை அடையாளம் காட்டும் ரகசியக் கோப்பு) இருந்தால், ஒருவர் பணியிலிருந்து விலகும் அன்றே அவருடைய சாவியை மட்டும் செல்லாததாக்கிவிடலாம்.

மலைப்பகுதிக்கே உரிய ஒரு கவலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை இம்மாவட்ட வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய மழை வேண்டாம்; சாதாரண வடகிழக்குப் பருவமழையில் ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தாலே மின்சாரமும் இணையமும் சேர்ந்து போய்விடும். பட்டியல் பாதி சென்றுகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான், நம் ஊர்களில் இத்தகைய மென்பொருளை விற்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி வேண்டும். ஆனால், அது மட்டும் போதாது. பாதி வந்த கோப்பை முழுக் கோப்பு என்று எண்ணி மறுமுனைக் கணினி செயல்படத் தொடங்கிவிட்டால், பட்டியலின் பின்பகுதியில் இருக்கும் விவசாயிகளுக்கு அந்த மாதம் பணம் வராது. ஆகையால், கோப்பு முழுவதும் வந்து சேரும்வரை அதற்குத் தற்காலிகப் பெயர் ஒன்றை வைத்திருந்து, முழுமையாக வந்த பின்னரே உரிய பெயருக்கு மாற்றும் மென்பொருளாக இருக்க வேண்டும். அனுப்பிய கோப்பும் வந்த கோப்பும் ஒன்றுதானா என்பதை எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டால் இரு முனைகளிலும் சரிபார்க்க வேண்டும். கோப்பில் ஒரே ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அந்தக் கணக்கீட்டின் விடை முற்றிலும் மாறிவிடும். எம்டி5, எஸ்எச்ஏ-1 ஆகிய பழைய கணக்கீடுகளை ஏமாற்ற வழி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதால் அவற்றை ஏற்க வேண்டாம்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில், மின்வெட்டுக்குப் பிறகு பட்டியல் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல், எழுத்தர் அதை மீண்டும் அனுப்பினார். முதல் பட்டியலும் சேர்ந்திருந்ததால் பலருக்கு இரண்டு முறை பணம் சென்றது. அதைத் திரும்பக் கேட்கப் போனபோது விவசாயிகளுக்கும் ஆலைக்கும் இடையே எழுந்த மனக்கசப்பு அத்தொகையைவிடப் பெரிது. ஒவ்வொரு பட்டியலுக்கும் தனி எண் இட்டு, ஒரே எண்ணுள்ள பட்டியல் இரண்டாம் முறை வந்தால் ஏற்க மறுக்கும் ஏற்பாடு இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வேண்டும் என்பது இதோடு சேர்ந்ததே. இலை எடை போடும் இடத்தில் எத்தனை கிலோ என்று எழுதிய சீட்டு இல்லாமல் எந்த விவசாயியும் திரும்புவதில்லை. கோப்புக்கும் அப்படி ஒரு சீட்டைக் கேட்டு வாங்கலாம். 2005இல் வரையறுக்கப்பட்ட ஏஎஸ்2 என்னும் முறையில், கோப்பைப் பெற்ற கணினி தன் டிஜிட்டல் கையொப்பத்தோடு பெறுதல் சான்றைத் திருப்பி அனுப்பும். நம் ஆலைகளுக்கு ஏஎஸ்2 தேவையில்லை என்றாலும், யார், எப்போது, எந்தக் கோப்பை அனுப்பினார், யார் எடுத்தார் என்னும் பதிவேட்டை, எழுத்தரால் திருத்த முடியாத இடத்தில் வைத்திருக்கும் மென்பொருள் கட்டாயம் தேவை. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி, இத்தகைய பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். ஆணையில் குறிப்பிட்டுள்ள கணினிப் பாதுகாப்பு மீறல்கள் நிகழ்ந்தால், அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். பதிவேடே இல்லாத ஆலை எதைத் தெரிவிக்க முடியும்?

விலை உயர்ந்த மென்பொருளை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுபவர்கள், 2023 மே மாத இறுதியில் மூவ்இட் டிரான்ஸ்ஃபர் என்னும் மென்பொருளுக்கு நேர்ந்ததை அறிய வேண்டும். பாதுகாப்பாகக் கோப்பு அனுப்புவதற்கென்றே உலகெங்கும் பெரிய நிறுவனங்கள் வாங்கி வைத்திருந்த மென்பொருள் அது. அதன் இணையப் பக்கத்தில் இருந்த குறை ஒன்றின் வழியே கிளாப் என்னும் கும்பல் நுழைந்து, ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் கோப்புகளை அள்ளிச் சென்றது. கோப்புகள் செல்லும் வழியில் திருடப்படவில்லை. சென்று சேர்ந்த பின், எடுத்தவர்கள் எடுத்த பிறகும் நீக்கப்படாமல், கோப்புகளை வாங்கி வைக்கும் சர்வர் கணினியில் கிடந்தவையும் அவற்றில் இருந்தன. ஆகவே, பெற வேண்டியவர் பெற்றுக்கொண்ட சில நாள்களில் கோப்பைத் தானாகவே அழித்துவிடும் வசதியை, குறியாக்கத்துக்கு இணையான முக்கியத்துவம் கொடுத்து நான் கேட்பேன். சர்வரில் இருக்கும் காலத்திலும் அது பூட்டப்பட்டே இருக்க, அனுப்பும் முன்பே பிஜிபி முறையில் குறியாக்கம் செய்துவிடலாம். திறக்கும் சாவி வங்கியிடம் மட்டுமே இருக்கும். மென்பொருள் தயாரிப்பவர் வெளியிடும் திருத்தங்களை எத்தனை நாளுக்குள் நிறுவித் தருவார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதன் விதிகளும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. ஆனால், அபராதத்துக்கு அஞ்சி இதைச் செய்ய வேண்டும் என்று நான் எழுதவில்லை. அரை ஏக்கர் தோட்டத்தை நம்பி வாழும் ஒரு மூதாட்டியின் கணக்கு எண்ணும் கைப்பேசி எண்ணும் மோசடிக்காரர் கையில் சேர்ந்துவிட்டால், ‘வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்று வரும் அழைப்பை அவர் நம்பிவிடுவார். 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு உடனே புகார் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா? அந்த விவரங்களை நம்பி ஒப்படைத்தவர் அவர்; காக்கும் பொறுப்பு வாங்கி வைத்திருப்பவர்களுடையது.

சிறிய ஆலை ஒவ்வொன்றும் தனித்தனியே சர்வர் வைத்துப் பராமரிப்பது கடினம் என்பதை அறிவேன். கூட்டுறவுத் தேயிலை ஆலைகளுக்காக, அவற்றின் இணையமான இன்கோசர்வ் ஒரே ஒரு பொது எஸ்எஃப்டிபி சர்வரை நிறுவி, ஒவ்வோர் ஆலைக்கும் மற்றவர் நுழைய முடியாத தனி அறையை அதில் ஒதுக்கித் தரலாம். தனியார் ஆலைகளுக்குத் தேயிலை வாரியத்தின் குன்னூர் அலுவலகம் ஒரு நாள் பயிற்சியாவது அளிக்கலாம். பெரிய நிறுவனங்களுக்குத் தரும் நேரடி எஸ்எஃப்டிபி இணைப்பை வங்கிகள் மலைப்பகுதியின் சிறு வாடிக்கையாளர்களுக்கும் தர முன்வர வேண்டும். தங்கள் கணினியின் கைரேகையை எழுத்து மூலம் கிளையிலேயே கொடுக்கவும் வேண்டும்.

ஆலைகள் பலவற்றில் கணினிப் பராமரிப்புக்கான ஆண்டு ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்கப்படுகிறது. மேலே கூறிய வசதிகளை ஒப்பந்த நிபந்தனைகளாக எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதித் தர நானும், என்னைப் போல இப்பணியில் உள்ள சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். அதை மார்ச் மாதத்துக்குள் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேயிலை ஆலைகளின் கணினிப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.